வேட்டைச் சூழ்ச்சியும் கொல்லா அறமும்

பல்லாண்டுகட்கு முன்னர் எம்மிடத்து நன்னூலும் திருக்குறளும் பாடங்கேட்டவரும், இப்பொழுது வட அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் தொழில் நிமித்தம் வாழ்பவருமாகிய மாணாக்கரொருவர், சென்ற திங்கள் எமக்கொரு நீண்ட கடிதம் விடுத்திருந்தனர். அதன் இறுதியில் ஒரு வினா இருந்தது. அவ்வினா எளிதென்றே முதற்கண் கருதினேம். விடை யெழுதப் புகுந்தபோது, கொல்லாமை என்னும் அறத்தைப்பற்றி நாம் ஆராயாது விடுத்த சில பகுதிகள் அதனுள் அடங்கியிருத்தல் புலனாயிற்று. ஆதலின் அதனை இப்பத்திரிகை யன்பர் முன்னிலையில் வைத்து ஆராய்தல் நலமெனத் துணிந்தாம்.

கடிதத்தின் சாரம் இது: அவரது அண்டை வீட்டினர் ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர், வாய்மை தவறாதவர், பனிக்காலத்தில் அயலார் வாயிற்பனியைத் தாமே அகற்றித் தருபவர். அவர் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பெருங்கோட்டுத் தகர் வேட்டைக்கு அனுமதிச்சீட்டு வேண்டி ஆண்டுதோறும் விண்ணப்பித்து வந்தார். அச்சீட்டு, நம் முன்னோர் குடவோலை முறையிற் போலக் குலுக்கி எடுக்கப்படுவது. இவ்வாண்டு அவர் பெயர்க்கு வீழ்ந்தது. அவர் தம் வேட்டைப் பயணத்திற்கு நம் மாணாக்கரைத் துணையாக அழைத்தனர். 'யான் துப்பாக்கி ஏந்தப்போவதில்லை. குதிரைகளைப் பேணுவதும், தொலைநோக்கியால் மலையைத் துருவிப் பார்ப்பதும், திரும்புங்கால் சுமை சுமப்பதுமே என் கடன். யான் செல்லலாமா?' என்பதே வினா.

பெருங்கோட்டுத் தகர் என யாம் கூறுவது, ஆங்கிலத்தில் பிக்ஹார்ன் என வழங்கும் காட்டுச் செம்மறியின் ஆணை. ராக்கி மலைத்தொடரின் செங்குத்தான பாறைகளே அதற்கு அரண். முதிர்ந்த தகர் முந்நூறு இராத்தலுக்கு மேலும் நிறையுடையதாகும். அதன் கோடுகள் மட்டும் முப்பது இராத்தல் வரை நிறுக்கும். ஏனை எலும்பனைத்தும் சேர்ந்த நிறைக்கு அது நிகரென்பர். மான்கள் ஆண்டுதோறும் கொம்பை உதிர்க்கும்; தகரோ பிறந்தது முதல் இறக்குமளவும் தன் கோட்டை உதிர்ப்பதில்லை. ஒவ்வோராண்டும் அதன்மேல் ஒரு வளையம் பதியும். ஆதலால் அக்கோடு அவ்வுயிரின் வாழ்நாட் கணக்கைத் தன்மேலேயே எழுதி வைத்த ஏடு போல்வது. வேட்டுவன் அவ்வேட்டைத் தொலைவிலிருந்தே படித்து எட்டு வளையமா பத்து வளையமா என்று எண்ணிய பின்னரே சுடத் துணிவான்.

இனி, அவ்வாசிரியர் வகுத்த ஏற்பாடுகளை நம் மாணாக்கர் விரிவாக எழுதியுள்ளார். அவர் செல்லவிருப்பது பாப் மார்ஷல் வனப்பகுதியின் கீழைமலைகட்கு. பத்து லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட அவ்வனம், 1964-ஆம் ஆண்டின் வனப்பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. அதனுள் பொறிவண்டி புகுதல் ஆகாது. ஆகவே குதிரையும் கோவேறு கழுதையும் காலுமே ஊர்தி. வேட்டைப் பருவம் செப்டம்பர்த் திங்களின் இடையில் தொடங்கி நவம்பர் இறுதிவரை செல்லும். பனி வீழுமுன் எந்தக் கணவாய், வீழ்ந்தபின் எந்தச் சரிவு என்று நிலப்படத்தில் குறித்துள்ளார். வேனிலிலேயே இருமுறை சென்று, தகர்கள் மேயுமிடமும் நீருண்ணுமிடமும் கண்டு வந்துள்ளார். கற்பொதியை முதுகிற் கட்டி நாள்தோறும் குன்றேறிப் பழகுகின்றார். கரடிகள் திரியும் காடாதலின் உணவை எங்ஙனம் உயரத்திற் கட்டித் தொங்கவிடுவது என்பதும், குறித்த தொலைவிற்கு அப்பால் எந்நிலையினும் சுடுவதில்லை என்பதும் அவ்வேற்பாட்டில் அடங்கும். வீழ்த்திய விலங்கின் உண்ணத்தகும் ஊன் முழுவதையும் சுமந்து கொணர்தல் சட்டத்தின் ஆணை. கோட்டை அரசினர் அலுவலகத்திற் காட்டி, எண் பொறித்த உலோக ஆணியைப் பதிப்பித்துக் கொள்ளுதலும் வேண்டும்.

இவ்வாறு முன்னரே ஆராய்ந்து வகுத்தலைப் பண்டைத் தமிழ்நூல்கள் 'சூழ்ச்சி' என்னும். அச்சொல் இக்காலத்து வஞ்சனை யென்னும் பொருளில் இழிந்து வழங்கினும், முற்காலத்தில் அமைச்சர்க்குரிய நல்லாராய்ச்சியையே குறித்தது. ஒரே சொல் இருபொருளும் தாங்கி நிற்பது ஈண்டு எமக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது. பொறுமை, உடலடக்கம், விதிக்கு அடங்குதல், பிற உயிரின் இயல்பை நுணுகி அறிதல் ஆகிய இவையெல்லாம் நற்குணங்களல்லவோ? நற்குணங்கள் பலவற்றால் தொடுக்கப்பட்ட ஒரு மாலையின் நாயகமணி ஒரு கொலையாயின், அம்மாலையை என்னென்று பெயரிடுவது? இதுவே யாம் ஆராயப் புகுந்த பொருள்.

வேட்டையாடுவோர் பக்கத்து நியாயங்களை முதலில் வலிமையோடு எடுத்துரைத்தல் முறை. எதிர்ப்பக்கத்தை மெலிவித்துக் காட்டி வெல்வது வெற்றியன்று.

முதலாவது நியாயம் காவலைப்பற்றியது. ஐரோப்பியர் வருமுன் அம்மலைகளிற் பரந்து வாழ்ந்த இவ்வினம், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சில பத்தாயிரங்களாகக் குறைந்தது. ஊன் விற்பனைக்காக வரம்பின்றிச் சுட்டமை ஒரு காரணம். குடியேறியோர் கொணர்ந்த பட்டிச் செம்மறிகள் மேய்ச்சலைப் பறித்ததோடு நோயையும் தந்தமை மற்றொரு காரணம். பட்டி ஆடு தாங்கிக்கொள்ளும் ஒருவகை நுண்ணுயிர் காட்டுச் செம்மறியைத் தொற்றின், நுரையீரல் அழன்று மந்தை மந்தையாக மடியும். பிழைத்த தாயர் ஈனும் குட்டிகளும் பல்லாண்டு பிழையா. 2009-2010 பனிக்காலத்தில் மொன்டானாவின் பல மந்தைகள் இங்ஙனம் நலிந்தன. இவ்வழிவினின்று இனத்தை மீட்டது யாவர் பொருள்? 1936-இல் நெவாடாவிலும் 1939-இல் அரிசோனாவிலும் பாலைநிலச் செம்மறிக்கெனப் புகலிடங்கள் அமைந்தன. 1937-இல் இயற்றிய சட்டத்தின்படி நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த நூற்றுக்குப் பதினொரு விழுக்காட்டு வரி, விலங்குக் காப்பிற்கென மாநிலங்கட்குப் பங்கிடப்படுகிறது. மொன்டானாவின் சன் ரிவர் மந்தையிலிருந்து 1940-களில் தொடங்கி ஆடுகளைப் பிடித்து, அவை அற்றுப்போன மலைகளில் விட்டனர். ஆண்டுக்கொன்றாக ஏலத்தில் விடும் தனிச்சீட்டு 2013-இல் மொன்டானாவில் 4,80,000 டாலருக்கு விலைபோயிற்று. அப்பொருளின் பெரும்பகுதி அவ்வினத்தின் நலத்திற்கே செலவாகும். 'யாம் கொல்வது ஒன்று. காப்பது ஆயிரம்' என்பது அவர் கூற்று.

இதற்கு விடை யாதெனின், கொடையும் கொலையும் இருவேறு வினைகள். ஒன்று மற்றொன்றனைக் கழித்துவிடும் என்பது வணிகர் பேரேட்டில் ஒக்கும். வினையின் பேரேட்டில் ஒவ்வாது. நல்வினை தன் பயனையும் தீவினை தன் பயனையும் தனித்தனியே தரும் என்பது நம் நூற்றுணிபு. பொருள் கொடுத்தமைக்குரிய புண்ணியம் அவர்க்கு உண்டு. அதனை யாம் மறுக்கின்றிலம். கொன்றமைக்குரியதும் உண்டு, அதனை அவர் மறுத்தல் ஆகாது. இவ்விரண்டனையும் பிணைத்து வைத்தது சட்டமேயன்றிப் பொருளின் இயற்கையன்று. அஃது எங்ஙனம் அறிதுமெனின், நம் நாட்டு வரையாடே சான்று. நீலகிரியிலும் மூணாற்று மலைகளிலும் அவ்விலங்கை முதலிற் காத்தவர் அதனை வேட்டையாடிய ஆங்கிலத் தோட்டக்காரரே. நீலகிரிக்கென 1879-இல் வேட்டைவிலங்குக் காப்புச் சட்டமொன்றும் இயற்றப்பெற்றது. பின்னர் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் வேட்டையை விலக்கிற்று. அவர்தம் வேட்டைக்காடாயிருந்த இரவிகுளம் 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்காவும் ஆயிற்று. துப்பாக்கி விலகிய பின்னும் வரையாடு அங்கே வாழ்கின்றது. 2023-இல் தமிழ்நாட்டரசும் பொதுப்பொருள் கொண்டு அதற்கெனத் திட்டமொன்று தொடங்கிற்று. ஆகலின் கொலையின்றியும் காவல் நிகழும். நிகழ்தற்கு வேண்டுவது கொல்லாதார் தம் கையை அவிழ்த்தல் ஒன்றே. இவ்விறுதி வாக்கியத்தை அன்பர்கள் நினைவிற் கொள்க; மீண்டும் இதற்கு வருவாம்.

இரண்டாவது நியாயம்: 'முதிர்ந்த தகர் எவ்வாறாயினும் சாகும். பல் தேய்ந்து பட்டினியாலோ, மலைச்சிங்கத்தின் வாய்ப்பட்டோ, பனிச்சரிவிற் புதையுண்டோ மடிவதினும் ஒரு நொடித் தோட்டா இரக்கமுடைத்து' என்பது. இயற்கையான் வரும் துன்பம் பிறர் துன்பஞ் செய்தற்கு உரிமைச்சீட்டு ஆகாது. அன்றியும், வேட்டுவன் இரக்கத்தால் தேர்வதாயின் நொண்டியையும் நோயுற்றதையும் தேர்வானல்லனோ? அவன் தேர்வது கோட்டின் சிறப்பை நோக்கியன்றோ? அல்பெர்ட்டா மாநிலத்தில் ராம் மலை என்னுமிடத்துப் பல்லாண்டு ஆராய்ந்த அறிஞர், 2003-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். கோடு இன்ன அளவு வளைந்த தகரைச் சுடலாம் என்னும் விதி அங்கே இருந்தது. விரைந்து கோடு வளரும் தகர்கள், தம் மரபைப் பெருக்குதற்குரிய முதுமை எய்து முன்னரே அவ்வளவை எய்தி வீழ்ந்தன. நாளடைவில் அம்மந்தையில் கோடு சிறுத்தது. எல்லா மலைக்கும் இம்முடிபு ஒக்குமோ என்பதில் அறிஞரிடை வாதமுண்டு. எனினும் சிறந்ததைத் தேர்ந்து கொல்வது சிறப்பையே தேய்க்கக்கூடும் என்பது அதனாற் பெறப்படும்.

பிறிதொன்றும் உண்டு. வேற்றிடத்திற் பிடித்துக் கொணர்ந்து புதுமலையில் விட்ட செம்மறிகள், பசும்புல்லின் பருவத்தைப் பின்பற்றி மலையேறியிறங்கும் வழியை முதலில் அறியாவாம். அவ்வழியறிவு பல பத்தாண்டுகளில், ஒன்றனிடமிருந்து ஒன்று கற்று, மந்தையில் மெல்லமெல்லத் திரள்வது என்று 2018-இல் வெளிவந்த ஆராய்ச்சி நிறுவிற்று. கேட்டுணர்ந்து கற்ற மரபினராகிய நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். விலங்கினத்துள்ளும் மூத்தோர் வழியே அறிவு இறங்குகின்றது. ஆதலின் காட்டுயிரை ஊனும் கோடும் மாத்திரமாக எண்ணிக் கணக்கிடுவது குறைக் கணக்கேயாம்.

மூன்றாவது நியாயமே எம்மை அதிகம் நிறுத்தி வைத்தது. 'கடையில் ஊன் வாங்குவோன், கூட்டிலடைத்து வளர்த்த உயிரை முகங்காணாது உண்கின்றான். யானோ சுதந்திரமாக வாழ்ந்ததொன்றனை, என் கையால், அதன் கண்ணைப் பார்த்துக் கொல்கின்றேன். கொன்றதன் பொறுப்பைச் சுமக்கின்றேன். இருவருள் யாவன் நேர்மையன்?' என்கின்றார் அவ்வாசிரியர். வேட்டுவனே நேர்மையன் என்பதை ஒப்புகின்றேம். விலைகொடுத்து வாங்குவோனையும் கொலைக்குக் காரணனாக்கியே திருவள்ளுவனார் புலான் மறுத்தலைக் கூறினார். ஆயினும் இருவருள் ஒருவன் மேம்பட்டவன் எனப் பெறப்பட்டதேயன்றி, அவன் செயல் தூயதெனப் பெறப்பட்டிலது. பசியால் வேட்டையாடிய பழங்குடிகளோடும் இவரை ஒப்பிட வொண்ணாது. எல்லோஸ்டோன் மலைகளில் வாழ்ந்த துக்குதிக்கா என்னும் மக்கள் செம்மறி யூனையே உணவாகக் கொண்டு, அதன் கோட்டை வெந்நீரூற்றில் மென்மையாக்கி வில் சமைத்தனர். அவர்க்கு அது வாழ்வு. 1872-இல் அந்நிலம் தேசியப் பூங்காவாக வகுக்கப்பட்டபின், சில ஆண்டுகளிலேயே அவர் அதனின்று அகற்றப்பட்டனர். வாழ்வுக்கென வேட்டையாடினோர் விலக்கப்பட்ட மலைநாட்டில், விருப்பிற்கென வேட்டையாடுவோர் குலுக்கலுக்குக் காத்திருப்பது காலத்தின் கோலம்.

இனி, வேட்டைக்குள் வகுத்த வரம்புகளே அதனை அறமாக்கும் என்பாரும் உளர். வரம்பின் பெருமையை நாம் அறியாதாரல்லேம். கண்ணப்ப நாயனாரின் கன்னி வேட்டையைக் கூறுமிடத்துச் சேக்கிழார் பெருமான், அவ்வேடர் யானைக்கன்றைத் தொடராமையும், சிறு குருளைகளைக் கொல்லாமையும், கருவுற்ற பிணையை அலையாமையும் எடுத்தோதினார். கொலைத்தொழிலினுள்ளும் அருளின் சுவடு இருத்தலைக் காட்டினார் என்பதே எம் கருத்து. ஆனால் அவ்வரம்பு அவரை நாயனாராக்கிற்றிலது, அன்பே ஆக்கிற்று. வரம்பு என்பது யாது? 'இவ்வுயிர் முழுவதும் எனக்குரியதன்று' என்று உள்ளம் தன்னையறியாது தரும் வாக்குமூலமே வரம்பு. இருபத்திரண்டு ஆண்டு காத்தலும், தொலைவிற் சுடாமையும், ஊனை வீணாக்காமையும் அவ்வாக்குமூலத்தின் வரிகள். அவ்வாசிரியரின் ஏற்பாட்டை முழுதும் படித்தபோது, அதன் ஒவ்வொரு விதியும் கொல்லாமையை நோக்கி ஓரடி எடுத்து வைத்து, கடைசி அடியில் மட்டும் பின்வாங்கியதாகவே எமக்குத் தோன்றிற்று.

அக்கடைசி அடியிற் பின்வாங்குவித்தது யாது? இதனை ஒரு கழித்தற் கணக்கால் அறியலாம். மலையின் தனிமை வேண்டுமெனின், அது சுடாமலே கிடைக்கும். உடலின் சோதனை வேண்டுமெனின், சரிவு ஏறுவார் எவர்க்கும் ஒரே சரிவுதான். விலங்கின் இயல்பறிதல் வேண்டுமெனின், தொலைநோக்கி போதும். ஊன் வேண்டுமெனின், அதனினும் எளிதாகக் கிடைக்குமிடம் பல. இனத்தின் காப்பு வேண்டுமெனின், பொருளை நேரே கொடுக்கலாம். இவற்றையெல்லாம் கழித்தபின் எஞ்சுவது சுவரில் மாட்டும் ஒரு கோடும், 'இது யான் வீழ்த்தியது, எனது' என்னும் ஒரு சொல்லுமே. யான் எனது என்னும் செருக்கு எத்துணை நற்குணங்களைத் தனக்கு ஏவலாளராக அமர்த்திக்கொள்ளும் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு அரிது. 'இறுதியிற் கொலை இன்றேல் அத்துணை விழிப்போடு மலையை நோக்கமாட்டேம்' என்று வேட்டுவர் கூறுவர். அவர் அனுபவத்தை யாம் பொய்யென்னேம். எனினும் அதே செங்குத்துச் சரிவுகளில் மந்தையை எண்ணுதற்கும் நோயை ஆராய்தற்கும் ஏறுவோர், உயிரைப் பணயம் வைத்து விழிப்போடு நோக்குகின்றனர். அவர் கையில் துப்பாக்கி இல்லை.

இனி மாணாக்கரின் வினாவுக்கு வருவாம். வினை மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் ஈட்டப்படும். ஆதலின் துப்பாக்கியின் ஒலி எழுமுன்னரே, நிலப்படத்தில் கோடு கிழித்த அன்றே அவ்வினை தொடங்கிவிட்டது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றனுள் உடன்படுதலும் வினையே. 'யான் சுமைமட்டும் சுமப்பேன்' என்றார் மாணாக்கர். தொலைநோக்கியால் தகரைக் கண்டு 'அதோ' என்று விரல் நீட்டுவோன், அத்தோட்டாவின் வழியை முதலில் வகுத்தவன் ஆகான் கொல்லோ? ஆகவே செல்லற்க என்பதே எம் விடை.

இத்துணையோடு கடிதத்தை முடித்து உறையிலிட்டேம். பின்னர் அதனை அனுப்பவொட்டாது எம் கை தடுத்தது. என்னை? அவ்வாசிரியர் இருபத்திரண்டு ஆண்டு காத்தார். ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தினார். அம்மலையின் ஒவ்வொரு நீர்நிலையையும் அறிவார். அவ்வினத்தின் நோயைப்பற்றி எண்ணித் துயருறுவார். பிறந்தது முதல் ஊன் தீண்டாத யாமோ, நம் மலைகளில் வாழும் வரையாட்டிற்கு ஒரு காசு கொடுத்ததில்லை. அஃது எத்துணை எஞ்சியுள்ளதென வினவியதுமில்லை. எம் கொல்லாமைக்கு யாம் கொடுத்த விலை யாது? குலவழக்கால் வந்ததொன்றனை எம் தவத்தால் வந்ததெனக் கருதி, அதன்மேல் அமர்ந்து பிறரை அளந்தேம். அதுவும் 'எனது' என்னும் சுவரில் மாட்டிய ஒரு கோடேயன்றோ? கொல்லாதிருத்தல் அறத்தின் வாயில். உள்ளே புகுதல் காத்தலால் நிகழும். கொல்லாதார் காவாதிருப்பின், காக்கும் தொழில் கொல்வார் கையிலேயே நிற்கும். அவர் அதற்குக் கூலியாக ஆண்டுக்குச் சில தகர் கேட்பர். அவ்விலையை விதித்ததில் நமக்கும் பங்குண்டு.

ஆகவே உறையைப் பிரித்து மேலும் சில வரி எழுதினேம். அவை வருமாறு: 'வேட்டைக்குச் செல்லற்க. ஆயின் மறுக்குங்கால் அம்முதியவரை இகழற்க. அவர் குணங்களை நீர் கற்றுக்கொள்ளற்பாலீர். அவர் இருபத்திரண்டு ஆண்டு செலுத்திய தொகை எவ்வளவென வினவி, அதற்குக் குறையாத தொகையை, கோடு எதுவும் வேண்டாது, அவ்வினத்தின் காப்பிற்குக் கொடுக்க. பட்டி ஆடுகளைக் காட்டு மந்தையினின்று விலக்கி நிறுத்தும் பணியிலோ, மந்தையை எண்ணும் பணியிலோ ஆள் வேண்டப்படின் அங்கே சென்று சுமை சுமக்க. கற்பொதி கட்டிக் குன்றேறிப் பழகும் முறையை அவரிடமே கேட்டறிக. அங்கே நீர் தொலைநோக்கியால் ஒரு தகரைக் கண்டு "அதோ" என்று விரல் நீட்டுவீராயின், அவ்விரல் வினைக்கு அஞ்ச வேண்டுவதின்று. அடுத்த ஆண்டு அவரையும் உடன் அழைத்துப் பார்க்க. வரினும் வருவர்.'

அக்கடிதத்தை அன்றே அஞ்சலிற் சேர்த்தேம். வரையாட்டுக் காப்பிற்குப் பொருளுதவும் வழி யாதென வினவி, வனத்துறை அலுவலகத்திற்கும் ஒரு கடிதம் எழுதி அதனோடு சேர்த்தே விடுத்தேம். அறுபது கடந்தபின் தொடங்கியது காலந்தாழ்ந்ததே, எனினும் தொடங்கினேம்.